வழியில் இருக்கும் நோயாளி யார் கணக்கில்?

கணக்குப்பதிவியலில் "வழியிலுள்ள சரக்கு" என்று ஒரு சமாச்சாரம் உண்டு. அனுப்பியவர் கிடங்கை விட்டுச் சரக்கு கிளம்பிவிட்டது. வாங்குபவர் கிடங்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மார்ச் 31 ராத்திரி லாரி நடுவழியில் நிற்கிறது. அந்தச் சரக்கு யார் கணக்கில் வரும்?

ஒப்பந்தத்தைப் பொறுத்துப் பதில் மாறும். சில சமயம் விற்றவர், சில சமயம் வாங்கியவர். ஆனால் "யார் கணக்கிலும் வராது" என்ற பதில் மட்டும் கிடையாது. அப்படி எழுதினால் முட்டைதான் :-)

சரி, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருக்கும் நோயாளி யார் கணக்கில் வருவார்? குறிப்பாக ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம், வந்தவர்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

"பி.காம். படிக்கிற பயலுக்கு மூளை வைத்தியத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2024 மார்ச்சில் என் அத்தையோடு தேனியிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸில் போனேன். எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம் தேடிப் படித்ததும், மதுரை டாக்டர்களிடம் கேட்டதும்தான் இங்கே எழுதியிருப்பது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்ட்ரோக் என்றால் என்ன?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒரு வகை. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொரு வகை. முதல் வகைதான் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும்.

ஆனால் வைத்தியம் நேர் எதிர். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க ஊசி போடுவார்கள். அதே ஊசியைக் கசிவு இருப்பவருக்குப் போட்டால் ஆளே போய்விடலாம். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாரும் அந்த ஊசியைத் தொட மாட்டார்கள். ஜெர்மனியில் ஹோம்பர்க் என்ற ஊரில் 2008-ல் ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஸ்கேன் இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். அந்த வசதி இல்லாத ஊர்களில் முதலில் ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அடைப்புக்கு இரண்டு வைத்தியம். ஒன்று, மேலே சொன்ன ஊசி. 1995-ல் வந்த ஆய்வு 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்றது. 2008-ல் வந்த இன்னொரு ஆய்வு அதை நாலரை மணி நேரம் ஆக்கியது. இரண்டாவது, தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயை மூளை வரை அனுப்பிக் கட்டியைப் பிடித்து வெளியே இழுப்பது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் ஊசியை மட்டும் நம்பியிருக்க முடியாது, இதுவும் வேண்டும். 2015-ல் ஒரே வருஷத்தில் ஐந்து ஆய்வுகள் இதற்குப் பலன் உண்டு என்று காட்டின. 2018-ல், ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளை தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று ஆனது.

இங்கேதான் சிக்கல். ஊசி போடச் சின்ன ஊர் ஆஸ்பத்திரி போதும். கட்டியை இழுத்து எடுக்கப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். அதற்கான இயந்திரமும், அதைச் செய்யப் பழகிய டாக்டரும் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. ஆக, ஒருவருக்குச் சரியான வைத்தியம் கிடைக்க இரண்டு ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு ஆம்புலன்ஸ். அந்த நடு பாகம் வைத்தியத்தில் சேர்த்தியா, வெறும் போக்குவரத்தா?

வண்டிக்குள் என்ன நடக்க வேண்டும்?

காலை 8.40-க்கு அத்தை வாசலில் பூக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். 9 மணிக்கு அடுப்படியில் விழுந்து கிடந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. 9.50-க்குப் பக்கத்து நர்சிங் ஹோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், "மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். வண்டி கிளம்பும்போது மணி 11.50.

வண்டியில் வந்த டெக்னீஷியன் அண்ணனுக்கு என்னை விட நாலைந்து வயசு கூட இருக்கும். ஏறின உடனே நர்ஸிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?" பதில், "இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி."

கொஞ்சம் முன்னாடி என்றால் எவ்வளவு முன்னாடி? இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஊசி போட்ட முதல் 2 மணி நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்க வேண்டும். அடுத்த 6 மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை. அப்புறம் 24 மணி நேரம் ஆகும் வரை மணிக்கு ஒருமுறை. பி.பி. 180/105-க்கு மேல் போகக் கூடாது. போனால், கட்டியைக் கரைக்கப் போன மருந்தே மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கும் ஆபத்து கூடும். ஊசியே போடாத நோயாளி என்றால் வேறு கணக்கு. அவருக்கு 220/120 வரைகூடப் பல சமயம் தொடாமல் விடுவார்கள், ஏனென்றால் அடைத்த குழாயைச் சுற்றி ரத்தம் போக அந்த அழுத்தம்தான் உதவுகிறது. ஒரே வியாதி. ஊசி போட்டாச்சா இல்லையா என்பதை வைத்து 190 என்ற எண்ணுக்கு அர்த்தம் மாறுகிறது.

நேரம் தெரியாததால் அந்த அண்ணன் வழி முழுக்க 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார். அகலமான பிளாஸ்டரைக் கிழித்து அத்தையின் போர்வை மேல் ஒட்டி, அதில் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தார். மணி, பி.பி., நாடித்துடிப்பு. மொத்தம் ஆறு வரி. உசிலம்பட்டி தாண்டும்போது 188 காட்டியது. உடனே போனில் டாக்டரைப் பிடித்தார், அவர் சொன்ன மருந்தை ஊசியில் ஏற்றினார். அடுத்த வரி 172.

என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். "தம்பி, அத்தைட்ட பேச்சுக் குடுத்துட்டே வாங்க. பதில் சொல்லாட்டியும் பரவால்ல, கையை அமுக்கச் சொல்லுங்க. அமுக்குறது குறைஞ்சா ஒடனே சொல்லுங்க." அது சும்மா ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைத்தேன். இல்லை. திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, சட்டென்று ஏறும் பி.பி., நினைவு மங்குவது இதெல்லாம் உள்ளே ரத்தம் கசிவதற்கான அறிகுறி. அதை முதலில் காட்டுவது இயந்திரமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இடது கையால் அத்தை என் விரலை அமுக்கிக்கொண்டே வந்தார்.

ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் மாமா, "வாயெல்லாம் காஞ்சு கெடக்கு, ஒரு வாய் தண்ணி குடுப்பமா?" என்றார். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். "வேணாங்கய்யா, முழுங்கத் தெரியாம நுரையீரலுக்குள்ள போயிரும்." ஸ்ட்ரோக் வந்தவருக்கு விழுங்கும் திறன் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கிடையாது. பாசத்தில் கொடுக்கும் ஒரு மடக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இன்னும் சில விஷயங்கள் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் ஆக்சிஜன் மூடியை மாட்டுவது வைத்தியம் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வேண்டும். சர்க்கரை அளவு கட்டாயம் பார்க்க வேண்டும், அது ரொம்பக் குறைந்தாலும் ஸ்ட்ரோக் மாதிரியே காட்டும். ஊசி போட்ட சிலருக்கு நாக்கும் உதடும் வீங்கி மூச்சை அடைக்கலாம், அதையும் கவனிக்க வேண்டும்.

ஊசியிலும் இரண்டு ரகம். அத்தைக்குப் போட்டது டெனெக்டெப்ளேஸ், ஒரே தடவையில் செலுத்தி முடித்துவிடலாம். 2025 மார்ச்சில் அமெரிக்காவிலும் ஸ்ட்ரோக்குக்கு இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். பழைய மருந்தான ஆல்டெப்ளேஸ் வேறு. எடைக்கு ஏற்ற அளவில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் போட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டும். பாட்டில் காலியானதும் வேலை முடிந்தது என்று கழற்றிவிட்டால், குழாய்க்குள் நிற்கும் மருந்து நோயாளிக்குப் போகாது. அதே குழாயில் உப்பு நீர் பாட்டிலை மாட்டி, அதே வேகத்தில் ஓட விட்டு உள்ளே தள்ள வேண்டும். இந்த வேலை ஓடும் வண்டியில் நடக்கிறது. டிரைவரும் ஸ்ட்ரெச்சரும் மட்டும் இருக்கும் வண்டியில் இதை யார் செய்வது?

பில்லில் இருந்தது, கேஸ் ஷீட்டில் இல்லை

1.20-க்கு மதுரை. முன்கூட்டியே போன் செய்திருந்ததால் ஸ்கேன் அறையைத் தயாராக வைத்திருந்தார்கள். அத்தையை உள்ளே தள்ளிக்கொண்டே டாக்டர் கேட்டது மூன்று கேள்வி. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? என்ன மருந்து, எவ்வளவு? எத்தனை மணிக்கு?

முதல் கேள்விக்கு மாமா பதில் சொன்னார், 8.40. மற்ற இரண்டுக்கும் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தோம். நர்சிங் ஹோம் கொடுத்த கடிதத்தில் இரண்டே வரி. ஊசி போடப்பட்டது, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, நேரம் இல்லை. போன் போட்டால் டியூட்டி டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார்.

கடைசியில் பதில் எங்கே கிடைத்தது தெரியுமா? பில்லில். மருந்துக்கடை பில்லில் ஊசியின் பெயர், எத்தனை மில்லிகிராம், எண்ணிக்கை, தேதி, நேரம் எல்லாம் சுத்தமாக அச்சாகியிருந்தது. 10.38. அதற்கப்புறம்தான் போட்டிருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தது, 10.45 என்று. நல்லவேளை, அதுவரை மதுரைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஸ்கேன் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது.

பில்லின் நேரம் துல்லியமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கைமாறும் இடத்தில் கணக்கு தப்பினால் யாரோ ஒருவர் கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் அங்கே நேரம், எண், கையெழுத்து எல்லாம் தானாக வந்துவிடும். நோயாளி கைமாறும் இடத்தில் தகவல் தப்பினால் யார் கட்டுவது? நோயாளிதான். அதனால் யாருக்கும் அவசரமில்லை.

எங்கள் பக்கம் போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும். அங்கேயிருந்து வடக்கே போகும் மூட்டைகளின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்ட முடியாது. 2018 ஏப்ரல் முதல் இதுதான் சட்டம். அனுப்புவது யார், வாங்குவது யார், வண்டி எண் என்ன, எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏலக்காய் மூட்டைக்கு இருக்கும் காகிதம் என் அத்தைக்கு இல்லை.

இரண்டு மணி நேரம் எங்கே போனது?

நர்சிங் ஹோமுக்குள் நுழைந்தது 9.50, வெளியே வந்தது 11.50. சரியாக 120 நிமிடம். முதல் ஆஸ்பத்திரியின் வாசலில் நுழைந்து அதே வாசலில் வெளியேற ஆகும் இந்த நேரத்தை ஸ்ட்ரோக் டாக்டர்கள் தனியாகவே அளக்கிறார்கள். 120 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. ஆக, எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஜஸ்ட் பாஸ்! 2019 முதல் 2021 வரை அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளை வைத்து எடுத்த கணக்கில் நடுமதிப்பு 174 நிமிடம். அமெரிக்காவை ஜெயித்துவிட்டோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்தான்.

ஆனால் அந்த 120 நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. நுழைந்ததிலிருந்து ஊசி வரை 55 நிமிடம். ஸ்கேன் உட்பட என்பதால் அது மோசமில்லை. ஊசிக்கப்புறம் வண்டி கிளம்ப 65 நிமிடம். அந்த 65 நிமிடத்தில் அத்தைக்கு நடந்த வைத்தியம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஊசி போட்ட பிறகு. மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று பேசி முடிவு செய்தது அதற்குப் பிறகு. கடைசியாக மொத்த பில். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. ஸ்கேன் எடுக்கும்போதே வண்டிக்கும் மதுரைக்கும் சொல்லியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு கணக்குப் போட்டார். பெரிய குழாய் அடைத்த ஸ்ட்ரோக்கில் வைத்தியம் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. ஆளுக்கு ஆள் இது ரொம்ப மாறும், ஆகவே 65-ஐ 19 லட்சத்தால் பெருக்கி அத்தையின் தலையில் எழுதுவது நியாயமில்லை. பெருக்கிப் பார்த்தேன் என்பதும் உண்மை. 12 கோடியே 35 லட்சம்.

"அப்படியானால் நேரே மதுரைக்கே போயிருக்கலாமே?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் மாமாவைக் குடைகிறார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயினில் கேட்டலோனியாவில் சரியாக இதே கேள்வியை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2022-ல் முடிவு வந்தது. பெரிய குழாய் அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட 1,401 நோயாளிகள். சிலரைப் பக்கத்து ஸ்ட்ரோக் ஆஸ்பத்திரிக்கும், சிலரை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே முதல் ஆஸ்பத்திரியும், வண்டியும், இரண்டாவது ஆஸ்பத்திரியும் ஒரே சங்கிலியாக வேலை செய்கின்றன. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனது தப்பில்லை மாமா. சங்கிலியில் எங்கே விட்டுப் போகிறது என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1986-லேயே எம்டாலா என்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். நிலை தேறாத அவசர நோயாளியை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அந்த ஆஸ்பத்திரி முன்பே சம்மதித்திருக்க வேண்டும், நோயாளியின் ஆவணங்கள் கூடவே போக வேண்டும், வண்டியில் தகுதியான ஆளும் கருவியும் இருக்க வேண்டும். அதாவது வழியில் இருக்கும்போது பொறுப்பு யாருடையது என்பதற்கு எழுத்தில் பதில் இருக்கிறது. அப்படியும் 174 நிமிடம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

இங்கே, மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு தொழிலாளியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கே படுக்கை காலி என்று உடனே தெரிந்து அங்கே அனுப்பத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும், ஆம்புலன்ஸில் தேவையான கருவியும் ஆட்களும் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது. அவசர சிகிச்சைக்காக அரசு நடத்தும் திட்டத்தில் ஸ்ட்ரோக்கும் ஒரு பிரிவு. எலும்புக்கூடு இருக்கிறது. ஒரு சின்ன ஊர் நர்சிங் ஹோமின் கடிதத்தில் ஊசி நேரத்தை எழுத வைப்பதுதான் பாக்கி.

நம்மால் ஆனது

டாக்டர் வேலையை நாம் செய்ய முடியாது. கேள்வி கேட்கலாம். உங்கள் வீட்டில் யாரையாவது ஸ்ட்ரோக்குக்காக வேறு ஊருக்கு அனுப்பினால் இவற்றைக் கேளுங்கள்:

1. கடைசியாக நன்றாக இருந்த நேரம். விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் அல்ல. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி படுத்த நேரம்.
2. என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்கு. ஊசி போடவில்லை என்றால் "போடவில்லை" என்றும், ஏன் என்றும் எழுத்தில்.
3. வழியில் பி.பி. எவ்வளவு வரை இருக்கலாம், தாண்டினால் எந்த டாக்டரைக் கூப்பிடுவது, அவர் எண் என்ன.
4. போகும் ஆஸ்பத்திரியில் யாரிடம் பேசியாகிவிட்டது.
5. வண்டியில் டிரைவரைத் தவிர யார் வருகிறார், என்ன படித்தவர்.
6. ஸ்கேன் படமும், தினமும் சாப்பிடும் மாத்திரைகளும். முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை உண்டா என்பது.

ஸ்கேன் எடுக்கும்போதே "பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்குமா, வண்டிக்கு இப்பவே சொல்லிடலாமா?" என்று கேட்டு வையுங்கள். பில் கட்டுவதற்கு ஒருவரை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்ப முடியுமா என்றும் கேளுங்கள்.

அத்தைக்கு அன்று மதியமே கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது நடக்கிறார். பேச்சு மெதுவாக வருகிறது, சில வார்த்தைகளுக்குத் தேடுகிறார். வலது கையால் பூத்தொடுக்க முடியவில்லை. அந்த 65 நிமிடம் இல்லாதிருந்தால் முடிந்திருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஆறு வரி பிளாஸ்டரை மதுரை டாக்டர் வாங்கிப் பார்த்து, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். மொத்தப் பயணத்திலும் அத்தையைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வைத்தியக் குறிப்பு அதுதான். அதற்கென்று அச்சடித்த படிவம் ஒன்று எல்லா வண்டியிலும் இருந்தால், அடுத்த அத்தைக்குப் பிளாஸ்டர் தேவைப்படாது.